செக்ரோலும் கிருபையும் – ஒரு கடிதம்

ஸ்தோத்திரம் அங்கிள்,

நானும் சிலாங்கூர் பந்திங்தான். தெலுக் பங்ளிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சில வருடங்களாக ஒரு சபைக்குப் போகிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பாஸ்டர் இரவெல்லாம் எங்களோடு உட்கார்ந்திருந்தார், அதை மறக்கமாட்டேன். ஆனால் இப்போது மூச்சு முட்டுகிறது. ஞாயிறு ஆராதனைக்கு வராதவர்கள் பெயர் அன்று சாயங்காலமே வாட்ஸ்ஆப் குழுவில் வந்துவிடுகிறது. ஒரு ஞாயிறு மோட்டார் பழுதாகி வரமுடியாமல் போனதற்கு நானும் அதில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு காணிக்கை, மொத்தச் சம்பளத்தில் கொடுக்கவேண்டுமாம். இபிஎப் சேமநிதிக்கு 11 விழுக்காடு, பிடிபிடிஎன் படிப்புக் கடன் எல்லாம் போனபிறகு கைக்கு வருவதில் கொடுத்தால் கர்த்தரை வஞ்சிப்பதாம். நகை கூடாது. இந்த வருடம் பொங்கலுக்கு அத்தை வீட்டுக்கு (அப்பாவின் அக்கா, இந்து) போகாதே, அது சாமிக்குப் படைத்த சோறு என்றார்கள். போகவில்லை. அத்தை இன்னும் என்னோடு பேசவில்லை. கிருபை கிருபை என்று பாடுகிறோம், அப்புறம் ஏன் இத்தனை சட்டம்? சட்டமே வேண்டாம் என்றால் யாரும் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிடாதா? தசமபாகம் மொத்தத்திலா, கைக்கு வருவதிலா? தெளிவாகச் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அங்கிள் என்று கூப்பிட்டுவிட்டாய், ஆகவே நீ என்றே எழுதுகிறேன். வழக்கமாகச் சபை விவகாரக் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. போட்டால் இரண்டு பக்கமும் என்னைத் திட்டும். ஆனால் சில வாரங்களாக மத்தேயு இருபதாம் அதிகாரத்தோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன், அந்த நேரம் பார்த்து உன் கடிதத்தில் வாட்ஸ்ஆப் பெயர்ப்பட்டியல் வந்து நிற்கிறது. அதைப் படித்ததும் சிரித்துவிட்டேன் அம்மா. கோபித்துக்கொள்ளாதே.

உன் தாத்தா பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் இருந்த காலத்தில் அதற்குச் செக்ரோல் என்று பேர். விடியுமுன் பெரட்டுக்களத்தில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் திடலில், வரிசையாக நிற்கவேண்டும், கங்காணி ஆள் பார்ப்பார், தோட்டத்துக் கணக்கப்பிள்ளையான கிராணி பேரேட்டில் பேர் போடுவார். பேர் விழுந்தால் அன்றைக்குக் கூலி, விழாவிட்டால் இல்லை. காய்ச்சல், பிள்ளை அழுதது, மழையில் பாதை சேறு, எதுவும் செல்லாது. மூன்று நான்கு தலைமுறை இப்படி நின்று பழகிய சனம் நாம். ரப்பர் போய் செம்பனை வந்தது, தோட்டம் துண்டானது, லயத்து வரிசை வீடுகளைக் காலிசெய்து தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்தோம், பெரட்டுக்களம் மட்டும் நம் முதுகெலும்பில் இருந்து இறங்கவே இல்லை. பேர் போட ஓர் ஆள் இல்லாவிட்டால் நமக்குக் கை கால் ஓடாது. அதனால் கடவுளையே பெரிய கிராணி ஆக்கிக்கொண்டோம். உன் பாஸ்டர் இதைக் கண்டுபிடிக்கவில்லை, அவரும் ஏதோ ஒரு தோட்டத்தில் பிறந்தவராகத்தான் இருப்பார்.

அவரை நான் பழிக்கப்போவதில்லை. உன் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த மனிதர் அவர். அதோடு, சட்டம் நம் ஊரில் நல்லது செய்யவில்லை என்றும் சொல்லமுடியாது. கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்ற ஒற்றைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ ஆண்கள் கூலியை வீடுவரை கொண்டுவந்து சேர்த்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். 1941இல் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலி உயர்வு மட்டுமா கேட்டார்கள்? கள்ளுக்கடையை மூடு என்றார்கள். வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் இனிமேல் கிடையாது என்றார்கள். ராணுவம் வந்தது, துப்பாக்கிச்சூடு நடந்தது, ஆட்கள் செத்தார்கள். சைக்கிளைவிட்டு இறங்கமாட்டோம் என்று சொன்ன அந்தச் சனத்தின் பேத்தி, ஞாயிற்றுக்கிழமை மோட்டார் பழுதாகி ஆராதனைக்கு வரமுடியாமல் போனதற்கு ஒரு குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறாள். இதைத்தான் என்னால் பொறுக்கமுடியவில்லை.

சரி, மத்தேயு இருபதுக்கு வருகிறேன். திராட்சத்தோட்டத்துச் சொந்தக்காரர் விடிகாலையில் போய் நாளொன்றுக்கு ஒரு பணம் என்று கூலி பேசி ஆள் எடுக்கிறார். மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, மறுபடி மறுபடி போய் எடுக்கிறார். கடைசியில் பதினோராம் மணிக்கு, அதாவது சாயங்காலம் ஐந்து மணிக்கு, சும்மா நின்றவர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறார். எல்லாருக்கும் ஒரே பணம். இதைப் பிரசங்கத்தில் நூறு தடவை கேட்டிருப்பாய். ஆனால் யாரும் நின்று பார்க்காத ஓர் இடம் அதில் இருக்கிறது. பிந்திவந்தவர்கள் தொடங்கி முந்திவந்தவர்கள் வரைக்கும் கூலி கொடு என்கிறார். ஏன் அந்த வரிசை? விடிகாலையில் வந்தவனுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால் அவன் பேசினபடி ஒரு பணம் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பான். ஐந்து மணிக்காரனுக்கு என்ன கிடைத்தது என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. சண்டையே வந்திருக்காது. சொந்தக்காரருக்கு இது தெரியாதா? தெரிந்தே அவனை நிற்கவைத்துப் பார்க்கவைக்கிறார். பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே என்று அவன் கத்தும்வரை விடவில்லை. நான் தயாளனாயிருக்கிறபடியால் நீ வன்கண்ணனாயிருக்கலாமா என்கிறார். அவனுக்கு ஒரு காசு குறையவில்லை. அடுத்தவனுக்கு விழுந்த பேர்தான் அவனை எரிக்கிறது.

எங்கள் தோட்டத்து வேதக்கோயிலில் உபதேசியார் இதை வாசித்தபோது பெரியவர்கள் முணுமுணுத்தது எனக்கு நினைவிருக்கிறது. தொழிற்சங்கத்தில் இருந்த ஒருவர் வெளியே வந்து, இப்படி ஒரு துரை இருந்தால் மறுநாள் காலையில் பெரட்டுக்கு எவன் வருவான் என்று கேட்டார். அருமையான கேள்வி! அந்த உவமையை உண்மையாகவே காதில் வாங்கியவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். சட்டமில்லாவிட்டால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா என்று நீ கேட்பதும் அதே கேள்விதான். பவுலிடமும் கேட்டிருக்கிறார்கள், ரோமர் ஆறாம் அதிகாரம் அதில்தான் தொடங்குகிறது, கூடாதே என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு மேலே போகிறார். நானும் அப்படியே போகிறேன்.

இதைச் சொல்லியே ஆகவேண்டும். எனக்குக் கிருபை என்றால் எதிர்லயத்து மாமாதான் முதலில் ஞாபகத்துக்கு வருவார். தோட்டத்து எல்லையில் முனியாண்டிக்கு விளக்கு வைப்பவர் அவர். சாயங்காலம் கள்ளுக்கடையில் இருப்பார், இராத்திரி பாட்டோடு திரும்புவார். எங்கள் சபை மூப்பர் அந்த வீட்டுப் பக்கமே திரும்பமாட்டார். அம்மாவுக்கு ஒருமுறை கடுமையான காய்ச்சல் வந்தது. பேர் வெட்டிவிடுவார்கள் என்று பயந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு பெரட்டில் போய் நின்றார். பேர் விழுந்தது. நிரைக்கு, தன் மரவரிசைக்கு, போனதும் மரத்தடியில் சாய்ந்துவிட்டார், கத்தியைத் தூக்க முடியவில்லை. மாமா தன் மரங்களைப் பால்வெட்டி முடித்துவிட்டு அம்மாவுடைய நிரைக்கு வந்தார், வெட்ட முடிந்தவரை வெட்டினார், மங்கில், பால் வடியும் கிண்ணத்தில், விழுந்த பாலைச் சேர்த்து வாளிகளைத் தோளில் போட்டு ஸ்டோருக்குக் கொண்டுபோய் அம்மா நம்பரில் நிறுத்தார். காய்ச்சல் விடும்வரை அப்படித்தான் நடந்தது. தோட்டத்துச் சட்டப்படி அது குற்றம். கங்காணிக்குத் தெரியும், கிராணிக்கும் தெரியும், பேசாமல் இருந்தார்கள். வெட்டினவர் ஒருவர், பேர் இன்னொருவருக்கு. கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல் கடனென்றெண்ணப்படும் என்று ரோமர் நாலில் வருகிறதே, அதை விளக்க எனக்கு எந்த வேதாகமக் கல்லூரியும் தேவைப்பட்டதில்லை.

அந்த வருடப் பொங்கலுக்கு மாமா வீட்டிலிருந்து ஒரு தூக்குச்சட்டி நிறையச் சர்க்கரைப்பொங்கல் வந்தது. நாங்கள் பிள்ளைகள் சட்டியைச் சுரண்டிவிட்டோம், அம்மாவும் சாப்பிட்டார். மூப்பர் காதுக்கு எட்டி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும், அது படைத்ததா என்று கேட்டார். அம்மா, நான் கேட்கவில்லை ஐயா என்றார். அவ்வளவுதான். அம்மாவுக்கு எழுதப்படிக்கத் தெரியாது. கசாப்புக்கடையில் விற்கிற எதையும் வாங்கிப் புசிக்கலாம், மனச்சாட்சியினிமித்தம் ஒன்றையும் விசாரிக்கவேண்டியதில்லை, அவிசுவாசி ஒருவன் விருந்துக்கு அழைத்துப் போக மனதிருந்தால் முன்னே வைத்ததைச் சாப்பிடு என்று 1 கொரிந்தியர் பத்தாம் அதிகாரத்தில் பவுல் எழுதியிருப்பதை நான் பிற்பாடு படித்தேன். அதற்கு அடுத்த வசனத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இது படைக்கப்பட்டது என்று ஒருவன் எடுத்துச் சொன்னால் அவனிமித்தம் புசியாதிரு என்றும் பவுல் சொல்கிறார். உன் சபையில் அதை மட்டும்தான் வாசிப்பார்கள். யாருக்காக அந்த விலக்கு என்று பார். சொல்கிறவனுடைய மனச்சாட்சிக்காக. உன் அத்தை விஷயத்தில், நீ சாப்பிடாததால் யாருடைய மனம் காப்பாற்றப்பட்டது? அத்தை மனம் உடைந்ததுதான் மிச்சம்.

யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுதான் சபையின் முதல் சண்டைகளில் ஒன்று. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபையின் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பயந்து எழுந்து தள்ளிப் போய்விட்டார், பர்னபா உள்பட மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். முகமுகமாய் எதிர்த்தேன் என்று கலாத்தியரில் எழுதுகிறார் பவுல். பேதுருவைப் போய்! தமிழனுக்கு இது புரியாதா? 1833இல் கல்கத்தா பிஷப் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவு போட்டபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் கிறிஸ்தவர்கள் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். படைத்த சோறு கூடாது என்கிற எத்தனை வீடுகளில் இன்றும் கல்யாணப் பேச்சில் சாதி விசாரிக்கிறார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கு வாட்ஸ்ஆப்பில் பட்டியல் கிடையாது.

நியாயப்பிரமாணம் என்றாலே மோசம் என்றும் எடுத்துக்கொள்ளாதே. உமது வேதத்தில் நான் எவ்வளவு பிரியமாயிருக்கிறேன் என்று 119ஆம் சங்கீதக்காரன் உருகுகிறான், யூதர்கள் அதைச் சுமையாக நினைத்து அழுதுகொண்டிருக்கவில்லை. சுமை நாம் சேர்த்தது. நகை விஷயத்துக்கு நான் வரவில்லை, தங்கம் விற்கிற விலையில் அந்தச் சட்டம் தானாகவே நிறைவேறிவிடும்.

தசமபாகம். கணக்குப் பிரிவில் உட்கார்ந்து ஒரு கம்பெனியின் வரவு செலவையே சரிபார்க்கிற பெண், உபாகமம் பதினாலைத் திறந்து படிக்க ஒரு பாஸ்டரோ நானோ எதற்கு? விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கர்த்தருடைய சந்நிதியில் குடும்பத்தோடு நீயே சாப்பிடு என்கிறது. இடம் தூரமாயிருந்தால் காசாக்கிக் கொண்டுபோய் ஆடுமாடு, திராட்சரசம், மதுபானம் என்று இஷ்டமானதை வாங்கிச் சந்தோஷப்படு என்கிறது. மூன்றாம் வருடத்தில் லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடையவேண்டும் என்கிறது. தசமபாகம் கொடாதவன் கர்த்தரை வஞ்சிக்கிறான் என்கிற மல்கியாவை மட்டும் வாசித்து மிரட்டுகிறவர்கள் இதை ஒருநாளாவது வாசித்திருக்கிறார்களா? மொத்தத்திலா, கைக்கு வருவதிலா என்கிறாய். மொத்தத்தில் கொடுத்தாயானால் ஐம்பத்தைந்து வயதில் இபிஎப் பணம் கைக்கு வரும்போது அதிலும் பத்தில் ஒன்று கேட்பார்கள், அப்போது இன்னொரு கடிதம் எழுதுவாய். வெந்தயத்திலும் சீரகத்திலும் பத்தில் ஒன்று எண்ணியவர்களிடம் இயேசு என்ன சொன்னார் என்று மத்தேயு 23இல் இருக்கிறது. விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்று 2 கொரிந்தியர் ஒன்பதில் இருக்கிறது. கொடு, கொடுக்காதே என்று நான் சொல்லமாட்டேன். தெளிவாகச் சொல்லுங்கள் என்று நீ எழுதியதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபமே வந்தது. ஒரு கிராணி போதாதென்று இன்னொரு கிராணியைத் தேடி வந்திருக்கிறாய். எனக்குப் பேரேடும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம்.

சபையை விட்டுவிடு என்றும் சொல்லவில்லை. குழுவில் பெயர் வந்தால் வரட்டும், பதில் போடாதே, என்னதான் நடக்கிறது என்று பார். பாஸ்டரைத் தனியாகச் சந்தித்து, அப்பாவோடு விழித்திருந்ததற்கு ஒருமுறை நன்றி சொல்லிவிட்டு, அத்தை விஷயத்தில் நான் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டேன் என்று நேராகச் சொல். நல்ல மனிதராயிருந்தால் தாங்கிக்கொள்வார். அத்தை வீட்டுக்கு அடுத்த பொங்கல்வரை காத்திருக்காதே, இந்தச் சனிக்கிழமையே போ, என்ன போடுகிறாரோ சாப்பிடு. முதலில் திட்டுவார், வாங்கிக்கொள். அப்புறம் கலாத்தியரைப் படி. ஆறே அதிகாரம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். மார்ட்டின் லூத்தர் அந்த நிருபத்தைத் தன் மனைவி கத்தரீனாவுக்குச் சமமாகச் சொல்லிக் கொஞ்சியிருக்கிறார். ரோமரை அதற்குப் பிறகு எடு. முதலிலேயே எடுத்தால், கடவுள் யாரைத் தெரிந்துகொள்கிறார் என்று பேசும் ஒன்பதாம் அதிகாரத்தில் மாட்டிக்கொண்டு மறுபடியும் எனக்குத்தான் கடிதம் எழுதுவாய்.

அன்புடன்,
அங்கிள்