உலோகம்: உங்கள் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: நிக்கல் விலை எகிறினால் எவர்சில்வர் விலையும் ஏறும் என்கிறார்கள். அந்த நிக்கல் விலை ஏன் இப்படித் தாறுமாறாக ஆடுகிறது?

பதில்: சந்தையில் விலை பேசப்படும் நிக்கல் ஒன்று, எங்கள் உருக்காலைகளில் பெரும்பாலும் கொட்டப்படும் நிக்கல் வேறொன்று. லண்டன் உலோகச் சந்தை ஏற்றுக்கொள்வது 99.8 சதவீதத் தூய்மையுள்ள நிக்கலைத்தான். எவர்சில்வருக்கு, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு, அவ்வளவு தூய்மை தேவையே இல்லை. எப்படியும் இரும்போடுதானே சேரப்போகிறது? 2007 மே மாதம் விலை டன்னுக்கு 50,000 டாலரைத் தாண்டியபோது, சீன ஆலைகள் இந்த வழியைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நாடுகளின் மட்டமான செம்மண் தாதுவை இரும்பைப் பிரிக்காமலே உருக்கி 'நிக்கல் பிக் அயர்ன்' என்ற நிக்கல் கலந்த கச்சா இரும்பைத் தயாரித்தன.

இந்தோனேசியா 2014 ஜனவரியில் தாது ஏற்றுமதியை நிறுத்தியது. 2017-இல் தளர்த்தி, 2020-இல் மீண்டும் தடை போட்டது. தாது வெளியே வராததால் உலைகள் அங்கே போயின. சுலவேசித் தீவின் மோரோவாலி இன்று பெரிய நிக்கல் நகரம். உலகில் தோண்டப்படும் நிக்கலில் பாதிக்கும் மேல் இப்போது இந்தோனேசியாவுடையது. அந்த மலிவைத் தாங்க முடியாமல் 2024-இல் நியூ கலிடோனியாவின் கோனியாம்போ ஆலையும் ஆஸ்திரேலியாவின் நிக்கல் வெஸ்ட்டும் உற்பத்தியை நிறுத்தின. இந்தோனேசிய உலைகளுக்கு மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருகிறது. மலிவு என்று நாம் சொல்லும்போது அந்தப் புகையையும் கணக்கில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2022 மார்ச் 8 அன்று விலை 1,00,000 டாலரைத் தாண்டியதற்கும் முதலில் சொன்ன அந்த வேறுபாடு ஒரு காரணம். விலை இறங்கும் என்று பெரிய அளவில் முன்கூட்டியே விற்றிருந்த சீனத் தயாரிப்பாளரிடம் நிக்கல் இருந்தது, ஆனால் அதில் பெரும்பகுதி சந்தையில் ஒப்படைக்கத் தகுந்த ரகம் இல்லை. விற்றதை ஏறும் விலையில் வாங்கி ஈடுகட்ட வேண்டிய நெருக்கடி விலையை இன்னும் ஏற்றியது. சந்தையை நிறுத்தி, அன்றைய வர்த்தகத்தையே ரத்து செய்தார்கள்.

கேள்வி: மின்சாரக் கார் பேட்டரிகள் நிக்கலை எல்லாம் விழுங்கிவிடுமா?

பதில்: இப்போதைக்கு இல்லை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கே போகிறது. நிக்கலே இல்லாத லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகளும் வேகமாகப் பரவுகின்றன.

கேள்வி: எவர்சில்வரில் காந்தம் ஒட்டாவிட்டால் அது 304 என்ற நல்ல கிரேடுதான் என்று விற்பவர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். உருக்காலை ஆய்வகத்தில் இருப்பவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். 304-இல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். துருவைத் தடுப்பது முக்கியமாகக் குரோமியம். காந்தத்தில் ஒட்டாத ஆஸ்டெனைட் அமைப்பைத் தருவது நிக்கல். அந்த வேலையை மாங்கனீசும் நைட்ரஜனும் சேர்ந்து செய்யும். 201 என்ற மலிவான கிரேடில் நிக்கல் 3.5 முதல் 5.5 சதவீதம்தான், குறைவதை மாங்கனீசு ஈடுகட்டுகிறது. அதுவும் காந்தத்தில் ஒட்டாது. மாறாக, அசல் 304 தகட்டைக் குளிர்நிலையில் ஆழமாக அழுத்தி வடித்தால் வளைவுகளில் காந்தம் லேசாகப் பிடிக்கும்.

நாங்கள் செய்வது இது: தகட்டைத் துடைத்து, சோதனைத் திரவத்தில் ஒரு சொட்டு விடுவோம். சின்ன பேட்டரியின் ஒரு முனையைத் தகட்டிலும் மறுமுனையைச் சொட்டிலும் வைத்தால், சில நொடிகளில் சொட்டின் நிறத்தைப் பார்க்கலாம். நன்றாகச் சிவந்தால் மாங்கனீசு அதிகம், 304 அல்ல.

201-ஐ நான் மட்டம் தட்டவில்லை. ஈரம் படாத இடத்துக்கு நல்ல சரக்கு. உப்புக் காற்றுக்கு மட்டும் வேண்டாம், அங்கே மாலிப்டினம் சேர்ந்த 316 வாங்குங்கள். ஆனால் 201-ஐ 304 என்று விற்பது மோசடி. எதை வாங்கினாலும் ஹீட் நம்பரோடு (அது எந்த உருக்குத் தொகுதியில் வந்தது என்று காட்டும் எண்) ஆலைச் சான்றிதழ் கேளுங்கள். இந்தக் கலப்படம் வாங்குபவரோடு நிற்பதும் இல்லை. ஸ்கிராப்பில் 304-ஓடு 201 கலந்துவிட்டால் காந்தத்தால் பிரிக்க முடியாது. உருக்கும்போது மாங்கனீசு ஏறி, நிக்கல் குறைந்து, புதிதாக நிக்கல் வாங்கிக் கொட்ட வேண்டியிருக்கிறது.