தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குச் 'சிந்தனை மீட்சி' எதற்கு?

மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் பாடக் குறிப்பின் கடைசியில் எழுதுவார்களே, அதே 'சிந்தனை மீட்சி'தான். எது புரிந்தது, எங்கே தடுக்கியது, அடுத்து என்ன செய்யலாம் என்று பிள்ளையே திரும்பிப் பார்ப்பது.

பினாங்கில் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் அண்ணன் மகள் 402-இலிருந்து 178-ஐக் கழித்து 376 என்று எழுதியிருந்தாள். தவறு என்று நான் சொல்லவில்லை. "எப்படிச் செய்தாய்?" என்று மட்டும் கேட்டேன். "எட்டிலிருந்து இரண்டு போனால் ஆறு..." என்று தொடங்கியவள் பாதியில் நின்றாள். "ஐயோ சித்தப்பா, தலைகீழாகக் கழித்துவிட்டேன்!" அழித்துவிட்டு 224 என்று எழுதினாள். அடுத்த கணக்கில் நடுவில் இருந்த பூஜ்ஜியத்தைச் சுற்றி, யாரும் சொல்லாமலே, ஒரு வட்டம் போட்டுக்கொண்டாள்.

விடையை நாம் சொன்னால் அந்த ஒரு கணக்கு திருந்தும். காரணத்தைப் பிள்ளையே பிடித்தால், அதே தவறு அடுத்த முறை வரும்போது அடையாளம் தெரியும். மீன் கறி கொதிக்கும்போதே உப்புப் பார்ப்பது போல. பரிமாறிய பின் பார்த்து என்ன பயன்?

ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு 2021-இல் ரத்தானது. ஆனாலும் வகுப்பறை மதிப்பீட்டில் ஆசிரியர் தரும் அடைவுநிலை 1 முதல் 6 வரை எது என்று மட்டும் பார்க்கும் பழக்கம் நம்மை விடவில்லை.

தன் கற்றலுக்குப் பிள்ளையே பொறுப்பெடுத்தால் பெரியவர்கள் ஒதுங்கிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள்; அப்படியல்ல, "எப்படிச் செய்தாய்?" என்று கேட்க முதலில் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.