வெளிநாட்டு வேளாண் வேலை எனக்கு ஒத்து வருமா? – கேள்வி பதில்

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் கடலைக்காட்டுக்குள் வளர்ந்தவள் நான். ஆப்பிரிக்காவில் உள்ள மலாவி நாட்டில் நிலக்கடலைத் திட்டங்களில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, பி.எஸ்சி. அக்ரி கடைசி வருடம். மார்க் சுமார்தான். ஆராய்ச்சி நிலையம் பக்கம் போக முடியுமா? – வேலந்தாவளம்

விஞ்ஞானி வேலைக்கு முனைவர் பட்டம் வேண்டும், மார்க்கும் பார்ப்பார்கள். ஆனால் ஹைதராபாத் பக்கம் பட்டஞ்செருவில் 1972 முதல் இருக்கும் இக்ரிசாட் (வறண்ட நிலப் பயிர்களுக்கான சர்வதேச ஆராய்ச்சி நிலையம்) போன்ற நிலையங்கள் விஞ்ஞானிகளை மட்டும் வைத்து ஓடுவதில்லை. பாத்திக்கு எண் போட்டு, செடி செடியாக எண்ணி, பிழையில்லாமல் எழுதி வைக்கிற ஆட்கள் அங்கே வேண்டும். உன் வகுப்பில் யாருடைய வயல் நோட்டை எல்லோரும் வாங்கிப் பார்த்து எழுதினார்கள்? உன்னுடையது என்றால் தைரியமாக விண்ணப்பம் போடு.

எனக்குக் கூட்டத்தில் பேசவே வராது. விவசாயிகளுக்குப் புது முறைகளைச் சொல்லித்தரும் விரிவாக்கப் பணிக்கு லாயக்கில்லையா? – எருத்தேம்பதி

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். மலாவியில் கடலை பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கும் பயிர். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும். அது கல்லீரலைக் கெடுக்கும், ஏற்றுமதிக்கும் சரக்கு தேறாது. ஒரு கிராமத்தில் படம் மாட்டி அரை மணி நேரம் விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த வருடமும் அதே பூஞ்சை.

என்னோடு வந்த உள்ளூர்ப் பெண் அதிகம் பேச மாட்டாள். ஒரு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து அவளும் கடலை உரித்தாள். உரிப்பதற்கு முன் பாட்டி ஒரு குவளைத் தண்ணீரைக் காயின் மேல் தெளித்தார். ஓடு இளகினால் விரல் நோகாது என்றார். நன்றாகக் காய்ந்த கடலைக்குக் கடைசி நேரத்தில் ஈரம் வந்த வழி அதுதான். அந்த ஊருக்குத் தேவைப்பட்டது என் பேச்சு அல்ல, கையால் சுற்றுகிற ஒரு உரிக்கும் இயந்திரம். பேசாமல் பக்கத்தில் உட்காரத் தெரிந்தவள்தான் அதைக் கண்டுபிடித்தாள். உன் சுபாவம் அதுவென்றால் நீ இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமானவள்.

பி.காம். படித்தவனுக்கு இதில் என்ன இருக்கிறது, மேடம்? – மீனாட்சிபுரம்

நிறைய இருக்கிறது. பணம் கொடுக்கிறவர்கள் ஒவ்வொரு விதை மூட்டைக்கும் கணக்குக் கேட்பார்கள். வாங்கியவர் கைரேகை, தேதி, எடை எல்லாம் சரியாக இல்லாவிட்டால் நல்ல திட்டமும் பாதியில் நிற்கும். கொள்முதலையும் கண்காணிப்பு–மதிப்பீட்டையும் எட்டிப் பாருங்கள்.

தமிழ், மலையாளம் இரண்டும் தெரியும். அது பலமா? – வடகரப்பதி

அங்கே நேரடியாக உதவாது. மேற்கு ஆப்பிரிக்காவில் பல நாடுகளுக்குப் பிரெஞ்சு, மொசாம்பிக்குக்குப் போர்ச்சுகீஸ் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் கிருஷி பவனில் (நம்மூர் அரசு வேளாண் அலுவலகத்தில்) அப்பாவுக்கு மலையாள விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து, அதிகாரி சொன்னதை அவருக்குத் தமிழில் புரியவைத்திருப்பீர்களே, அந்தப் பழக்கம் பெரிய பலம். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்கத் தெரியும். மலாவியில் பேசும் சிச்சேவா மொழியில் நான் முதலில் கற்ற சொல் 'ஸிகோமோ', நன்றி என்று அர்த்தம். மீதியைக் கடலை உரித்துக்கொண்டே கற்றேன்.

டிகிரி இல்லை. தென்னந்தோப்பில் சொட்டுநீர் அமைக்கத் தெரியும். வயது 34. – சித்தூர்

அண்ணா, டிகிரி இல்லாமல் பெரிய நிறுவனங்களில் வெளிநாட்டுப் பதவி கிடைப்பது கஷ்டம். சொட்டுநீர்க் கம்பெனிகள் வழியாகப் போவதுதான் நடக்கக்கூடிய வழி. ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆழியாற்றிலிருந்து வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. என்று தமிழ்நாடு கேரளத்துக்குத் தர வேண்டிய ஒப்பந்தத் தண்ணீரை முறை வைத்துப் பங்கிட்டு வளர்ந்தவர்கள் நாம். கடைமடைக்காரரைச் சமாதானம் செய்து மடை திருப்பிய அனுபவத்தையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா? – ஒரு அம்மா

அம்மா, மலேரியாவுக்கு மாத்திரையும் கொசுவலையும் இருக்கின்றன. எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறு. பல ஒப்பந்தங்கள் ஒன்றிரண்டு வருடம்தான், முடிந்ததும் அடுத்ததைத் தேட வேண்டும். உங்கள் மகளால் அந்த நிச்சயமின்மையைத் தாங்க முடியுமா என்று அவளிடமே கேளுங்கள். தெரியவில்லை என்றால் முதலில் வயநாட்டில், கல்பற்றாவில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவன மையம் போன்ற ஓரிடத்தில் சில மாதம் வேலை பார்க்க முடியுமா என்று விசாரியுங்கள். பஸ் ஏறினால் ஒரே நாளில் வீடு வந்து சேரலாம்.