சி பிளஸ் பிளஸ் திரெட்: குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் கேட்டவை

தக்கலை: அண்ணா, எஸ்டிடி திரெட் (புரோகிராமுக்குள்ள கூடவே தனியா ஓடுற வேலை) உருவாக்கி ஓட்டினா, "டெர்மினேட் கால்டு" என்று புரோகிராம் பாதியில நின்னுபோகுது.

பதில்: ஜாயின், அதாவது திரெட் முடியுறவரை காத்திருக்கிற கட்டளை, போட விட்டுப்போச்சு, தம்பி. ஜாயினோ டிடாச்சோ (திரெட்டைத் தன்போக்குல ஓட விடுறது) செய்யாத திரெட் ஆப்ஜெக்ட் அழியும்போது, அப்போ ஓடுற டிஸ்ட்ரக்டரே புரோகிராமை நிறுத்துற டெர்மினேட்டைக் கூப்பிடும். திரெட்டோட வேலை முடிஞ்சிருந்தாலும் விடாது. ஜாயின் வரிக்கு முன்னால எக்ஸெப்ஷன் (ஓட்டத்துல வர்ற பிழை) கிளம்பி அந்த வரியைத் தாண்டிப் போனாலும் இதே கதிதான். சி பிளஸ் பிளஸ் 20 இருந்தா ஜேதிரெட்டுக்கு மாறுங்க. அழியும்போது நிறுத்தச் சொல்லிட்டு, தானே ஜாயின் செய்யும். ஆனா உள்ளே ஓடுற லூப், நிறுத்தச் சொல்லியாச்சா என்று காட்டுற ஸ்டாப் டோக்கனைச் சுத்துக்கு ஒருதடவை பார்க்கணும். பார்க்காட்டி லூப்பும் நிக்காது, ஜாயினும் திரும்பாது.

மார்த்தாண்டம்: டிடாச் போட்டா அந்தப் பிழை வரலியே, போதாதா?

பதில்: போதாது. மெயின் முடிஞ்சதும் அந்தத் திரெட்டும் அப்படியே அறுந்துபோகும், எழுதிட்டிருந்த ஃபைல் அரைகுறையா கிடக்கும்.

குளச்சல்: மீன் ஏலக் கணக்குல 4 திரெட் ஒரே மொத்தத்துல எடையைக் கூட்டுது. ஓட்டுற ஓட்டத்துக்கு ஒரு விடை வருது, அதுவும் குறைவா.

பதில்: கூட்டுறது ஒரு வரிதான், உள்ளே படி, கூட்டு, எழுது என்று மூணு வேலை. மொத்தம் 500 என்று ஒரு திரெட் படிக்குது. அது எழுதுமுன்னே இன்னொண்ணும் 500-ஐயே படிக்குது. ஒண்ணு 520 எழுதும், மத்தது 530. வரவேண்டியது 550, நிக்கிறது கடைசியா எழுதினது மட்டும். மியூடெக்ஸும் (ஒரு நேரத்துல ஒரு திரெட்டை மட்டும் விடுற பூட்டு) லாக் கார்டும் (அதைப் பூட்டி, தானே திறந்துவிடுறது) போட்டா விடை சரியாகும். ஆனா ஒவ்வொரு எடைக்கும் பூட்டித் திறந்தா, ஒரே திரெட்ல ஓட்டுறதைவிட மெதுவாகிடும். நான் சொல்றது: ஒவ்வொரு திரெட்டும் தன் லோக்கல் மாறியில கூட்டட்டும், முடிவுல ஒரே ஒருதடவை பூட்டி மொத்தத்துல சேர்க்கட்டும். அந்த நாலு மாறியையும் ஒரே அரேயில அடுத்தடுத்து வைக்காதீங்க. கேஷ் லைன் (பிராசசர் மெமரியிலிருந்து ஒரே தடவையில எடுக்கிற துண்டு, பெரும்பாலும் 64 பைட்) ஒண்ணுக்குள்ள அவை விழுந்தா, கோர்களுக்கிடையில அந்த லைன் அலைஞ்சே நேரம் போகும். சோதிக்கும்போது, இப்படி மோதுறதைக் கண்டுபிடிக்கிற திரெட் சானிடைசரோட கம்பைல் பண்ணுங்க. வேகம் பல மடங்கு குறையும், ஆனா எந்த ரெண்டு வரி மோதுது என்று காட்டிடும்.

தோவாளை: ரெஃபரன்ஸ் வாங்குற ஃபங்ஷனுக்கு வெக்டரைக் கொடுத்தா கம்பைலே ஆகலை, அண்ணா.

பதில்: திரெட் ஆர்க்யுமென்ட்டைக் காப்பி எடுத்துக்கும். அசலையே கொடுக்க எஸ்டிடி ரெஃப் போட்டுக் கொடுங்க. ஜாயின் ஆகிறவரை அந்த வெக்டர் உயிரோட இருக்கணும்.

நாகர்கோவில்: எத்தனை திரெட் வைக்கலாம்?

பதில்: கணக்குப் போடுற வேலைன்னா ஹார்ட்வேர் கன்கரன்சி ஃபங்ஷன் தர்ற எண்ணிக்கை (மெஷின் ஒரே நேரத்துல ஓட்டக்கூடிய திரெட்) போதும். சில இடத்துல அது 0 திருப்பும். அப்போ 2 என்று வைச்சுக்குங்க.