நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு 33% கொடுத்தாலும் கணவன்தானே ஆளப்போகிறான்? பஞ்சாயத்தில் அதுதானே நடக்கிறது?

நீங்கள் சொல்லும் அந்தக் கணவன் நான்தான். அதனால் இதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. இல்லை என்பவர்கள் கீழே வந்து திட்டிக்கொள்ளலாம்.

குமரி மாவட்டத்தில் குழித்துறைப் பக்கம் ஒரு கிராம ஊராட்சி எங்களுடையது. 2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் தலைவர் பதவிக்கு நான் நிற்பதாக இருந்தது. ரப்பர் ஷீட் கடை வைத்திருக்கிறேன், ஊரில் எந்தக் கல்யாணத்தையும் சாவையும் விட்டதில்லை. பட்டியல் வந்தபோது எங்கள் ஊராட்சி பெண்களுக்கு என்று போட்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் ஆகிவிட்டதே. சரி, போகட்டும் என்று மனைவியை நிறுத்தினேன். நோட்டீஸில் அவள் படத்தைவிட என் படம் பெரிது. ஜெயித்தாள். நான் ஜெயித்ததாகத்தான் அப்போது நினைப்பு.

முதல் இரண்டு வருடத்துக்கும் மேலாக, நீங்கள் கேள்விப்பட்டது எல்லாம் உண்மை. ஒன்றிய அலுவலகத்துக்கு நான்தான் போவேன். அங்கே என்னையே "தலைவரே" என்பார்கள், நானும் திருத்தியதில்லை. தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வரும், அவள் அடுப்படியில் கை துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவாள். படிக்காமல் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு மே தினக் கிராம சபை. தெருவிளக்குக் கணக்கை ஒருவர் கேட்டார். நான் எழுந்து, "நாப்பத்திரெண்டு விளக்கு போட்டாச்சு" என்றேன். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பாட்டி பின்னாலிருந்து, "நீ இரி மக்கா, அவ சொல்லட்டு" என்றார். கூட்டம் சிரித்தது. என் மனைவி எழுந்தாள். "முப்பத்தாறுதான் வந்திருக்கு. ஆறு வரல்ல. அந்த ஆறு விளக்குக்க பணத்த நிறுத்தி வச்சிருக்கேன்." எந்தெந்த வார்டில் எந்தக் கம்பம் என்று வரிசையாகச் சொன்னாள்.

விளக்கு கொடுத்தவன் என் சிநேகிதன். வீட்டுக்கு வந்து கேட்டேன், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று. "உங்களுக்க கூட்டுக்காரனாக்கும். சொன்னா நீங்க பணத்தப் போட்டுக் குடுக்கச் சொல்லுவிய" என்றாள். சொல்லியிருப்பேன்தான். அதன்பிறகு தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வரவில்லை. அவள் ஆபீசுக்குப் போனாள், நான் கடையைப் பார்த்தேன்.

எல்லாப் பெண் தலைவர்களும் இப்படி என்று நான் சொல்லவில்லை. கடைசி நாள் வரை கணவனே ஓட்டிய ஊராட்சிகளும் எனக்குத் தெரியும். ஆனால் அதைக் காட்டிப் பெண்ணுக்கு இடம் வேண்டாம் என்பது என்ன கணக்கு? திருட்டுத்தனம் செய்தது நான். தண்டனை அவளுக்கா?

அதோடு, மக்களவையில் கணவன் போய் உட்கார முடியாது. பேசுவதும் ஓட்டுப் போடுவதும் அவளேதான். வாரிசுதானே வருவாள் என்பீர்கள். எங்கள் கன்னியாகுமரித் தொகுதியில் எம்.பி.யாக இருந்த அப்பா வசந்தகுமார் 2020-ல் இறந்தார், மகன் விஜய் வசந்த் 2021 இடைத்தேர்தலில் ஜெயித்தார். அவரை நான் குறை சொல்லவில்லை. மகன் வரும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

மக்களவையில் சிக்கல், கட்சிகள் பெண்ணுக்குச் சீட்டுக் கொடுப்பதில்தான் இருக்கிறது. மக்களவைக்குப் போன பெண்கள் 2019-ல் 78 பேர், 2024-ல் 543-க்கு 74. கூடக்கூட இல்லை. 33% சட்டம் 2023-ல் நிறைவேறியும், கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் என்று அதிலேயே எழுதிவிட்டதால் அந்தத் தேர்தலுக்கு அது உதவவில்லை. எங்கள் மாவட்டத்தையே எடுங்கள். குளச்சலில் ஜெயித்த லூர்தம்மாள் சைமன் 1957-ல் காமராசர் மந்திரிசபையில் அமைச்சர். ஆனால் நாகர்கோவில், அப்புறம் கன்னியாகுமரி என்று பெயர் மாறிய மக்களவைத் தொகுதியில் இதுவரை ஜெயித்த ஒரே பெண் 2009-ல் ஹெலன் டேவிட்சன். 2011 கணக்கெடுப்பில் ஆயிரம் ஆணுக்கு 1019 பெண்கள் இருந்த மாவட்டம் இது!

எங்கள் மாவட்டத்து விளவங்கோடு சட்டமன்றத் தொகுதியில் விஜயதரணி மூன்று முறை ஜெயித்தார். அவர் விலகியபின் 2024-ல் நடந்த இடைத்தேர்தலில் காங்கிரஸும் பா.ஜ.க.வும் பெண்களையே நிறுத்தின. எந்தச் சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. ஒருத்தி ஜெயித்துக் காட்டிய இடம் என்பதால் கட்சிகளுக்குப் பயம் போய்விட்டது என்பது என் எண்ணம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஆணோ பெண்ணோ யார் எம்.பி. ஆனாலும், கேரளாவுக்குக் கல்லும் எம்.சாண்டும் ஏற்றிப் போகும் லாரிகளை முதலில் கேளுங்கள். எங்கள் ரோட்டில் பைக் ஓட்டினால் முதுகெலும்பு மிச்சமில்லை. என் மனைவி எத்தனையோ மனு எழுதினாள். அது ஊராட்சியின் கையில் இல்லை என்று ஒவ்வொரு ஆபீசிலும் சொல்லி அனுப்பினார்கள். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது, உடனே தேர்தல் இல்லை, தனி அலுவலர் வந்தார். மனு நகல்கள் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன.

அந்த ஆறு விளக்கும் நாலு மாதம் கழித்து வந்து சேர்ந்தன. கூட்டுக்காரன் இன்னும் என் முகம் பார்த்துப் பேசுவதில்லை.