நடுநிலையாக இருந்த அமெரிக்கா 1917-ல் ஏன் முதல் உலகப் போரில் இறங்கியது? கொடுத்த கடனைக் காப்பாற்றவா?

"எல்லாம் பணத்துக்காக" என்று யாரோ சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நான் வரலாறு படித்தவன் இல்லை, சேலம் அம்மாப்பேட்டையில் நூல் வியாபாரம். ஆனால் இதே பேச்சை நானும் வாங்கியவன், அதனால் பேசாமல் போக மனம் வரவில்லை.

எங்கள் தெருவில் அண்ணன் தம்பிக்குள் பாகப் பிரிவினைத் தகராறு. இருவருக்கும் தறிப்பட்டறை உண்டு, இருவருமே என் வாடிக்கை. "அண்ணா, நீங்க யாருக்கும் பேச வேண்டாம், நூல் மட்டும் கொடுங்க" என்றார்கள். சரி என்றேன். ஆனால் பொதுவழிக் கதவு அண்ணன் கையில். தம்பி பட்டறைக்கு என் வண்டி போகவே வழியில்லை. அண்ணனுக்கு மட்டும் சிப்பம் சிப்பமாகக் கடனில் போனது. பாக்கி ஒன்றரை லட்சம் தாண்டியது. அப்போதும் நான் யார் பக்கமும் இல்லை என்றே நம்பினேன். தம்பி கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு ராத்திரி அவர் ஆட்கள் என் டெம்போவை மறித்துக் கண்ணாடியை உடைத்தார்கள். சுமை இறக்கும் பையனுக்குக் கையில் எட்டுத் தையல். மறுநாளே அண்ணன் தரப்புச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். "பாக்கிக்காகப் போட்டான்" என்று இன்றும் பேசுகிறார்கள். பாக்கி இரண்டு வருடமாக நின்றதே, அப்போது ஏன் போடவில்லை?

அமெரிக்கா கதையும் இதுதான். ஜெர்மனிக்குப் போகும் கடல் வழியை பிரிட்டிஷ் கடற்படை அடைத்துவிட்டது. அதனால் பிரிட்டன், பிரான்ஸ் போன்ற நேச நாடுகளுக்குப் போன கடன் சுமார் 230 கோடி டாலர், ஜெர்மனிக்கு 2.7 கோடிதான். ஆனாலும் 1915 மே மாதம் லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை ஜெர்மனி மூழ்கடித்து 128 அமெரிக்கர்கள் இறந்தபோதுகூட அதிபர் வில்சன் போருக்குப் போகவில்லை. 1917 பிப்ரவரி 1 முதல், போர்ப் பகுதியில் எந்த நாட்டுக் கப்பலையும் எச்சரிக்காமல் அடிப்போம் என்றது ஜெர்மனி. மார்ச் 1-ல் சிம்மர்மன் தந்தி, அதாவது ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் மெக்சிகோவுக்கு அனுப்பிய ரகசியத் தந்தி, பத்திரிகைகளில் வந்தது. மெக்சிகோ தங்களோடு சேர்ந்தால், அது அமெரிக்காவிடம் இழந்த டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை மீட்க உதவுவதாக அதில் இருந்தது. அதே மாதம் அமெரிக்கக் கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்கின. ஏப்ரல் 6-ல் போர் அறிவிப்பு.

உடனே அமெரிக்காவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கமெண்ட் போடாதீர்கள். கடனுக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவே இல்லை. கடன் கொடுத்ததால்தான் எதிராளி கண்ணில் பட்டார்கள், அடி விழுந்த பிறகுதான் இறங்கினார்கள்.

அப்புறம் ஒன்று. அமெரிக்கா ஏன் போனது என்று கேட்கிறோம், நம்மை ஏன் இழுத்துப் போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. 1939 செப்டம்பர் 3-ல் வைஸ்ராய் லின்லித்கோ நம் தலைவர்கள் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் இந்தியாவை இரண்டாம் உலகப் போரில் சேர்த்தார். அதை எதிர்த்து அக்டோபர் கடைசியில் ராஜாஜியின் சென்னை மாகாண அமைச்சரவை ராஜினாமா செய்தது. எங்கள் சேலத்தில் நகராட்சித் தலைவராக இருந்தவர் அவர். பன்னிரண்டாவது படிக்கும் என் மகளுக்கு இது தெரியவில்லை. வகுப்பில் அந்தப் பக்கத்தை வேகமாகத் தாண்டிவிட்டார்களாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.