தடுப்பூசி ஆய்வுக்குப் போனால் வார்டை விட வேண்டுமா?

எம்.டி. குழந்தை மருத்துவம் முடிக்கப்போகிறீர்கள், தடுப்பூசி ஆய்வில் ஆசை, ஆனால் வார்டை விட மனமில்லை என்று எழுதியிருந்தீர்கள். விட வேண்டியதே இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டி. ஜேக்கப் ஜான் குழந்தை மருத்துவர், வைரஸ் ஆய்வாளரும்கூட. போலியோ சொட்டு மருந்து நம் குழந்தைகளிடம் எதிர்பார்த்த அளவு எதிர்ப்பாற்றலைத் தரவில்லை, கூடுதல் தவணை தேவை என்று காட்டியவர் அவர். நோயாளிக் குழந்தைகளோடு இருப்பவருக்குத்தான் இப்படிப்பட்ட கேள்வி தோன்றும் என்பது என் திடமான எண்ணம்.

ஆனால் பொறுமை வேண்டும். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் குழந்தை மருத்துவர் பால் ஆஃபிட், குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டாவைரஸுக்கு எதிரான தடுப்பூசி வேலையில் இறங்கியது 1980களின் தொடக்கத்தில். அமெரிக்க அனுமதி 2006இல்தான் கிடைத்தது. தனியார் கிளினிக் அளவுக்கு வருமானமும் வராது, வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். அப்புறம், தொற்றுநோய்ப் பிரிவும் வைரஸ் ஆய்வகமும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடமாகப் பார்த்துச் சேருங்கள்.